ஆள் ஏறினால் நிற்கும் ட்ரெட்மில்: ஒரு பழுதின் முழு விவரம்

புகார்

மெஷின் இருப்பது மதுரையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில். 2020 ஊரடங்கில் வாங்கியது. 2 குதிரைத்திறன் என்று ஒட்டப்பட்ட டிசி மோட்டார், அதிகபட்ச வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர், கையால் மடக்கி நிறுத்தும் வகை. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் மெஷின்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்.

ஸ்விட்ச் போட்டால் திரை ஒழுங்காக எரிகிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 3, 2, 1 என்று எண்ணுகிறது. பிறகு பெல்ட் ஒரே ஒரு தடவை உதறுகிறது. அடியில் ஒரு முனகல் கேட்கிறது. அதோடு சரி, பெல்ட் அசைவதில்லை. சில நொடிகளில் பீப் சத்தத்தோடு திரையில் பிழை எண் வந்துவிடுகிறது.

டீச்சருக்குச் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முழங்கால் வலியால் மேடும் பள்ளமுமான தெருவில் நடக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடப்பதுதான் அவருடைய பழக்கம். மெஷின் நின்றதிலிருந்து ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, இதைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

இதற்கு முன்பும் ஒருமுறை இதே மாதிரி நின்றிருக்கிறது. அப்போது வந்த மெக்கானிக், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் போர்டை மாற்றினார். ஓடியது. எட்டு மாதம் கழித்து மறுபடியும் நின்றது. இந்த முறை வந்தவர் மோட்டாரே போய்விட்டது என்றும், மாற்றப் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றும், அதற்குப் பழையதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"மோட்டார் போயிருச்சா தம்பி? பார்த்துச் சொல்லுங்க" என்றார் டீச்சர். அவருடைய கணவர் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "ஆள் ஏறாம விட்டா சில நேரம் ஓடுது. இவ ஏறினாத்தான் மக்கர் பண்ணுது."

ஆள் இல்லாமல் ஓடி, ஆள் ஏறினால் நிற்கும் மெஷினில் மோட்டாரையும் போர்டையும் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் எவ்வளவு உராய்வு இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எரிந்துபோன போர்டு பல வீடுகளில் வேறொரு கோளாறின் விளைவு. அந்தக் கோளாறை அப்படியே விட்டுவிட்டுப் புது போர்டு போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். இந்த வீட்டில் நடந்ததும் அதுதான். ஆனால் அதை ஊகமாகச் சொல்லக் கூடாது, அளந்து காட்ட வேண்டும். அதனால் வரிசையாகப் போனேன்.

திரையைப் பார்த்தே எவற்றை ஒதுக்கலாம்

மெஷினைத் திறப்பதற்கு முன்பே சில சந்தேகங்களை ஒதுக்கிவிடலாம். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறுள்ள சேஃப்டி கீயின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். அது இடத்தில் இல்லாவிட்டாலோ, அதை உணரும் சுவிட்ச் பழுதாகிவிட்டாலோ மெஷின் 3, 2, 1 என்று எண்ணவே ஆரம்பிக்காது. இங்கே எண்ணுகிறது. ஆகவே சேஃப்டி கீ நன்றாகத்தான் இருக்கிறது. திரைக்கும் கீழே உள்ள போர்டுக்கும் இடையில் செல்லும் ஒயர் முழுக்க அறுந்திருந்தால் பெல்ட் உதறக்கூட உதறாது. எனவே கட்டளையும் போய்ச் சேருகிறது.

வேகத்தை உணரும் சென்சார் பழுதானாலும் பெல்ட் நிற்கும், ஆனால் அது நிற்கும் விதம் வேறு. வேகம் பூஜ்யம் என்று போர்டு நினைத்துக்கொள்வதால் பெல்ட் முதலில் ஓடும், சில நேரம் கேட்டதைவிட வேகமாகவே ஓடும், பிறகு சில நொடிகளில் நிற்கும். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதேபோலத்தான் நடக்கும். இங்கே ஆளின் எடையைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. சென்சாருக்கு எடை தெரியாது.

பிழை எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே எண்ணுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறும். ஒரு மெஷினில் சென்சார் கோளாறைக் குறிக்கும் எண், இன்னொன்றில் மின்னோட்டம் அதிகமானதைக் குறிக்கும். அந்த மெஷினோடு வந்த கையேட்டில் பார்க்காமல், எங்கோ படித்ததை வைத்துப் பாகம் வாங்கக் கூடாது. டீச்சர் கையேட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இந்த எண்ணுக்கு 'மின்னோட்டம் வரம்பைத் தாண்டியது' என்று இருந்தது. அதாவது போர்டு செத்துப்போகவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் மோட்டாரை நிறுத்துகிறது.

பிளக் பாயிண்ட்

மெஷின் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக 6 ஆம்பியர் பாயிண்டில் மாட்டப்பட்டிருந்தது. மூன்று பின் பிளக்கின் ஒரு காலில் கருகிய தடம். பாக்ஸின் ஓட்டை தளர்ந்து போயிருந்தது. சும்மா இருக்கும்போது அங்கே 228 வோல்ட், மோட்டார் இழுக்கும் அந்தக் கணத்தில் 211.

இதுதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். மணிக்கு 3, 4 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மோட்டாருக்குத் தேவைப்படும் வோல்டேஜ் வெகு குறைவு. வீட்டு மின்சாரத்தில் 17 வோல்ட் குறைவதை போர்டு எளிதாகச் சமாளித்துவிடும். ஆனால் கருகிய பின் என்பது வேறு விஷயம். தளர்ந்த இணைப்பில் சூடு ஏறி பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கக்கூடும். பெல்ட் நிற்பதற்கு அது காரணம் இல்லை என்றாலும், அன்றே சரிசெய்ய வேண்டிய ஆபத்து அது. எலக்ட்ரீஷியனை வைத்து 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை, ஒழுங்கான எர்த் இணைப்போடு, அந்தச் சுவரிலேயே போடச் சொன்னேன்.

மூடியைத் திறந்து

பிளக்கைப் பிடுங்கியதும் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விடக் கூடாது. போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றிய மின்சாரம் தேங்கி நிற்கும். அதன் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும். சில நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். பல போர்டுகளில் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடான ஹீட் சிங்கிலும் மின்சாரம் இருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, தெரிந்தவரைக் கூப்பிடுவதே சரி. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மூடியைத் திறந்து, ஸ்டார்ட் அழுத்தும்போது எது சுற்றுகிறது என்று தள்ளி நின்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மோட்டார் சுற்றுகிறது, முன் ரோலர் சுற்றவில்லை என்றால், இரண்டையும் இணைக்கும் பள்ளம் போட்ட சின்ன பெல்ட் அறுந்திருக்கும் அல்லது வழுக்கும். முன் ரோலர் சுற்றுகிறது, நடக்கும் பெல்ட் மட்டும் நிற்கிறது என்றால் அந்தப் பெரிய பெல்ட் தளர்ந்திருக்கும். மோட்டாரே சுற்றவில்லை என்றால்தான் மோட்டார், போர்டு, அல்லது அளவுக்கு மீறிய பாரம் என்ற மூன்றில் ஒன்று. இங்கே மோட்டார் கால் சுற்றுக்கூட முடிக்காமல் நின்றது.

அந்த மூன்றையும் பிரிக்க நம்பகமான ஒரு வழி இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சின்ன பெல்ட்டை மோட்டார் சக்கரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். பிறகு மறுபடி ஸ்டார்ட். இப்போது மோட்டாருக்கு எந்தப் பாரமும் இல்லை. சேலை முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சேஃப்டி கீயின் கயிறு கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் சில மெஷின்களில் சென்சார் முன் ரோலரில் இருக்கும். ரோலர் சுற்றாததால் வேகம் தெரியாமல் போர்டு மோட்டாரை மேலும் மேலும் முடுக்கும். சில நொடி பார்த்தால் போதும், கயிற்றை இழுத்துவிடலாம். அப்போது சென்சார் பிழை வந்தால் பயப்பட வேண்டாம், அது எதிர்பார்த்ததே.

மோட்டார் சுற்றியது. சத்தமில்லாமல், சீராக. 'போய்விட்டது' என்று சொல்லப்பட்ட மோட்டார். எட்டு மாத வயதுள்ள போர்டும் தன் வேலையைச் செய்தது.

ஆனாலும் மோட்டாரைத் தனியாகவும் சோதித்தேன். போர்டிலிருந்து அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, இடையே மின்தடையைப் பார்த்தால் 2 ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது. தண்டைக் கையால் மெல்லத் திருப்பத் திருப்பச் சிறிதே ஏறி இறங்கியது, எங்கும் திடீரென அறுபடவில்லை. ஒயருக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே கசிவு இல்லை. நிரந்தரக் காந்தம் வைத்த டிசி மோட்டாரைக் கையால் சுழற்றினால் அது டைனமோவாகி மீட்டரில் சில வோல்ட் காட்டும். காட்டியது. கெப்பாசிட்டரில் வோல்டேஜ் இறங்கியதை உறுதிசெய்த பிறகு, மோட்டாரை மீட்டர் வைக்காமலே பார்க்கும் சோதனையும் ஒன்று உண்டு: ஒயர்கள் பிரிந்திருக்கும்போது சக்கரம் லேசாகச் சுற்றும், இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் யாரோ பிரேக் போட்டதுபோலக் கனக்கும். அப்படிக் கனத்தால் உள்ளே சுருளும் காந்தமும் வேலை செய்கின்றன என்று பொருள். சுற்றும் சுருளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ்கள் பாதி தேய்ந்திருந்தன, ஸ்பிரிங் நன்றாக அழுத்தியது. இன்னும் சில ஆண்டுகள் தாங்கும்.

பெல்ட்டுக்கு அடியில்

இனி பார்க்க மிச்சமிருந்தது பெல்ட்டின் அடிப்பக்கம். உண்மையில் இங்கேதான் ஆரம்பித்திருக்கலாம். ஆனால் மோட்டார் போய்விட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போன வீட்டில், மோட்டார் போகவில்லை என்பதை முதலில் கண்ணெதிரே காட்டாவிட்டால் அடுத்துச் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

நடுவில் கையை விட்டு பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தேன். சாதாரணமாக நடுப்பகுதி 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். இங்கே இரண்டு விரல் நுழையவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பின் ரோலரின் போல்ட் இரண்டையும் யாரோ முறுக்கித் தள்ளியிருந்தார்கள். விசாரித்தால், மாடி வீட்டுத் தம்பி உதவி செய்திருக்கிறார். நடக்கும்போது பெல்ட் அங்கங்கே தயங்கி நின்றிருக்கிறது. தளர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் முறுக்கியிருக்கிறார். அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. பெல்ட்டுக்கு அடியில் அது சறுக்கி ஓடும் பலகை வறண்டுபோய் பெல்ட் தயங்குவதும், தளர்ந்த பெல்ட் ரோலரில் வழுக்குவதும் மேலே நிற்பவரின் காலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் மருந்து வேறு வேறு. வறட்சிக்கு முறுக்கினால் பேரிங்குகளின் மேலும் பாரம் ஏறி, மோட்டார் இன்னும் சிரமப்படும்.

பெல்ட்டுக்கு அடியில் விரலை ஓட்டினேன். மெழுகு போல வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் சொரசொரத்தது. விரலில் மஞ்சளும் கறுப்பும் கலந்த பிசுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது, தேங்காய் எண்ணெய் வாடையோடு. "கீச்சுன்னு சத்தம் வந்துச்சு, அதான் கொஞ்சம் எண்ணெய் விட்டோம்" என்றார் சார், டீச்சரின் கணவர்.

ட்ரெட்மில்லுக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது. முழு சிலிகான் எண்ணெய் மட்டுமே, அல்லது கையேட்டில் அவர்கள் எழுதியது மட்டுமே. பெட்ரோலிய எண்ணெய்கள் பெல்ட்டின் பிவிசியைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை மாத விடியலில் மதுரையிலும் அவ்வளவு குளிர் உண்டு. தூசியும், பெல்ட்டின் அடித்துணியிலிருந்து உதிரும் நூலும் சேர்ந்து அது பசையாகிவிடுகிறது. குளிர்கால விடியலில் மெஷின் அதிகமாகச் சண்டித்தனம் செய்தது என்று டீச்சர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

பெல்ட்டைத் தளர்த்திப் பக்கவாட்டில் ஒதுக்கிப் பார்த்தபோது பலகை முழுதாகத் தெரிந்தது. கால் விழும் இரண்டு இடங்களிலும் மேல் பூச்சு தேய்ந்து, அடியில் உள்ள நார்ப்பலகையின் பழுப்பு நிறம் வெளியே வந்திருந்தது. பெல்ட்டின் அடித்துணி அதே இடங்களில் பளபளத்து இறுகியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து சிலிகான் எண்ணெய் ஒரு தடவைகூடப் போடப்படவில்லை. மெஷினோடு வந்த குட்டி பாட்டில் பிரிக்கப்படாமல் கையேட்டுப் பையிலேயே இருந்தது.

கணக்கு

இதை அளக்க, ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதுவும் டிசி ஆம்பியரைக் காட்டுவது. மோட்டாருக்குப் போவது டிசி, அதனால் ஏசி மட்டும் காட்டும் சாதாரண கிளாம்ப் இங்கே உதவாது. எல்லாவற்றையும் மாட்டி, முறுக்கியிருந்த போல்ட்டை ஓரளவு தளர்த்தியதும் மெஷின் ஆள் இல்லாமல் ஓட ஆரம்பித்தது. மணிக்கு 4 கிலோமீட்டரில் மோட்டார் ஒயரில் 3.1 ஆம்பியர். ஆளே இல்லாமல் அவ்வளவு. நல்ல நிலையில் இந்த அளவு மெஷினுக்கு அதில் பாதி இருந்தால் போதும். 70 கிலோ எடையுள்ள சார் ஏறினார். 8, 9 என்று ஏறி, 10.6-இல் துடித்து, போர்டு நிறுத்திவிட்டது.

70 கிலோ ஆள் பெல்ட்டைப் பலகை மேல் அழுத்தும் விசை ஏறக்குறைய 686 நியூட்டன். அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்பதைச் சொல்லும் எண் உராய்வுக் கெழு. எண்ணெய் போட்ட நல்ல பலகையில் அது 0.2 என்று வைத்துக்கொண்டால், பெல்ட்டை இழுக்க 137 நியூட்டன் போதும். வறண்டு தேய்ந்த பலகையில் அது 0.5 ஆனால் 343 நியூட்டன், இரண்டரை மடங்கு. டிசி மோட்டாரில் முறுக்குவிசை நேராக மின்னோட்டத்தைப் பொறுத்தது. விசை இரண்டரை மடங்கானால் அதற்கான மின்னோட்டமும் இரண்டரை மடங்காகும், வேகம் எதுவானாலும். சுருளில் பிறக்கும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டரை மடங்கு மின்னோட்டத்துக்கு ஆறு மடங்குக்கு மேல் சூடு. ஊறாத அரிசியைப் போட்டதும் கிரைண்டர் திணறுவது நம் வீடுகளில் பார்த்ததுதான், அங்கே மோட்டார் சூடாவதைக் கையை வைத்தே உணரலாம். இங்கே மோட்டார் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது.

மெதுவாக நடப்பவருக்கு மெஷின் சுலபமாக உழைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மாறாக, வறண்ட பலகையில் மெதுநடைதான் மெஷினை அதிகம் வாட்டும். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. 14 கிலோமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்று சுற்றும் மோட்டார், டீச்சர் நடக்கும் 3 கிலோமீட்டரில் சுமார் 960 சுற்றுதான் சுற்றும். உராய்வால் வரும் மின்னோட்டம் குறைவதில்லை, காற்று மட்டும் குறைந்துவிடுகிறது. முக்கால் மணி நேரம் அந்தச் சூட்டைச் சுமப்பது சுருளும், போர்டில் மின்சாரத்தை நறுக்கி அனுப்பும் டிரான்சிஸ்டரும்.

கிளம்பும் கணம் இன்னும் கடினம். ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பதைவிட நின்ற நிலையில் உராய்வு அதிகம். சுற்றும் மோட்டார் டைனமோபோல எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். சுற்றாத மோட்டாரில் அது இல்லை, சுருளின் 2 ஓம் மட்டுமே தடை. டீச்சர் முழங்கால் வலியால் இரண்டு பக்கப் பட்டைகளிலும் காலை அகட்டி நிற்க முடியாமல், பெல்ட்டின் மேலேயே நின்று ஸ்டார்ட் அழுத்துவார். நல்ல பலகையில் இது பெரிய குற்றமில்லை. வறண்ட பலகையில், ஒவ்வொரு நாளும் போர்டுக்கு விழுந்த அடி அது.

பழைய போர்டு

முதலில் மாற்றப்பட்ட போர்டைச் சார் ஒரு மஞ்சப் பையில் போட்டு வைத்திருந்தார். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைப்பது எவ்வளவு நல்ல பழக்கம் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வேன். அந்தப் போர்டின் பவர் டிரான்சிஸ்டரை மீட்டரில் சோதித்தால் இரண்டு திசையிலும் மின்தடை பூஜ்யம். உள்ளே உருகி ஒட்டிவிட்டது. ஹீட் சிங்கில் பூசியிருந்த வெள்ளைப் பசை காய்ந்து பொடியாகிக் கிடந்தது. ஃபியூஸ் பக்கமோ, மின்சாரம் உள்ளே வரும் பக்கமோ கருகல் இல்லை. வோல்டேஜ் எகிறியோ இடி விழுந்தோ போன போர்டில் அடி பெரும்பாலும் உள்ளே வரும் பக்கத்தில் தெரியும். இது வெளியே போகும் பக்கத்தில், மோட்டார் இழுத்த இழுப்பில், சூட்டால் செத்தது.

இந்த டிரான்சிஸ்டர் ஒட்டிப்போவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நறுக்காமல் முழு வோல்டேஜும் மோட்டாருக்குப் போனால் பெல்ட் முழு வேகத்தில் பாயும். அதனால்தான் பல போர்டுகள் கிளம்புவதற்கு முன்பே இதைச் சோதித்து, ஒட்டியிருந்தால் ஓட மறுக்கின்றன. அந்தப் பாதுகாப்பைத் தாண்ட ஒயரை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறேன். 60 வயதைத் தாண்டியவர் நடக்கும் மெஷினில் அதை யாரும் செய்யக் கூடாது.

அதிக ஆம்பியர் தாங்கும் பெரிய போர்டாகப் போட்டுவிடலாமே என்று சார் கேட்டார். நியாயமான கேள்வி. போட்டால் ஓடும். ஆனால் இப்போது 10 ஆம்பியரில் நின்று மோட்டாரைக் காப்பாற்றும் போர்டுக்குப் பதிலாக, அதைத் தாராளமாக அனுப்பும் போர்டு வந்துவிடும். அடுத்துக் கருகுவது சுருளாக இருக்கும். பிறகு உண்மையிலேயே மோட்டார் போய்விடும்.

செய்த வேலை

பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கும் அதே பூச்சு, புதிதாக. சில மெஷின்களில் பலகையைத் திருப்பிப் போடலாம், சிலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே பூச்சு இருக்கும். இது திருப்பக்கூடியது. பக்கப் பட்டைகளைக் கழற்றி, பலகையின் ஸ்க்ரூக்களை எடுத்து, புரட்டி மாட்டினேன். ஒரு ரூபாய் செலவில்லாமல் புதுப் பலகை கிடைத்தது.

பெல்ட்டைக் காப்பாற்ற முடியவில்லை. பசையைத் துடைத்தாலும் இறுகிப்போன அடித்துணி மறுபடி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளாது. புதுப் பலகையில் பழைய பெல்ட்டை ஓட்டினால், அந்தப் பெல்ட்டே பலகையைத் தேய்த்துவிடும். பழைய பெல்ட்டின் அகலத்தையும், வெளிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டு அங்கிருந்து திரும்ப அங்கே வரும் முழுச் சுற்றளவையும் அளந்து, அதே அளவில் இரண்டு அடுக்குப் பெல்ட் வரவழைத்தோம். மாடல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் சில நேரம் அளவு மாறி வந்துவிடும், அளந்து சொல்வதே நல்லது. பெல்ட்டின் அடியில் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. அதைத் தலைகீழாக மாட்டினால் ஒட்டு பிரிந்துவிடும்.

ரோலர்களைக் கழற்றியபோதே அவற்றின் பேரிங்குகளைக் கையில் சுற்றிப் பார்த்தேன். பின் ரோலர் நன்றாக இருந்தது. முன் ரோலரின் வலப்பக்கப் பேரிங்கில் லேசான கரகரப்பு. அளவுக்கு மீறி முறுக்கியதன் விளைவாக இருக்கலாம். இப்போதைக்கு ஓடும், சத்தம் கூடினால் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்தேன். மோட்டார் அறையில் குவிந்திருந்த தூசியையும் தலைமுடியையும் பிரஷ்ஷாலும் வேக்குவம் கிளீனராலும் எடுத்தேன். ஈரத் துணி அங்கே கூடாது.

சிலிகான் எண்ணெயைப் பெல்ட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் கைநீட்டி, கால் விழும் பகுதி முழுக்க விட்டேன். மொத்தம் 30 மில்லியைத் தாண்டவில்லை. அதிகமாக விட்டால் எண்ணெய் ரோலருக்குப் போய் பெல்ட் வழுக்கும். பிறகு ஆலன் கீயால் இரண்டு போல்ட்டையும் கால் கால் சுற்றாக, சமமாக முறுக்கி, நடுவில் 6 சென்டிமீட்டர் எழும்பும் அளவில் நிறுத்தினேன். ஆள் இல்லாமல் ஓடவிட்டபோது பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கியது. இடது போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று. பொறுத்துப் பார்த்தால் நடுவுக்கு வந்துவிட்டது. இங்கே அவசரம் ஆகாது. ஒரு கால் சுற்றின் பலன் தெரியச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும்.

மீண்டும் கிளாம்ப் மீட்டர். ஆள் இல்லாமல் 1.4 ஆம்பியர். 70 கிலோ சார் ஏறி 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்க, 4.5-ஐச் சுற்றி ஆடியது. அதே மோட்டார், அதே போர்டு. டீச்சரும் ஏறி, 3 கிலோமீட்டரில் நடந்து பார்த்தார். பெல்ட் மேல் நின்றபடியே ஸ்டார்ட் அழுத்தினார், நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். உதறல் இல்லை. இருந்தாலும் தினமும் அப்படி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏறுவதற்கு முன் கணவரை ஸ்டார்ட் அழுத்தச் சொல்லிவிட்டு, பக்கப் பட்டை ஒன்றில் இரண்டு காலையும் சேர்த்து நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி, மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் பெல்ட்டில் ஒவ்வொரு காலாக வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. சேஃப்டி கீயின் கிளிப்பை முதலில் சேலையில் குத்திக்கொண்ட பிறகுதான் அதுவும்.

பெல்ட், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து, மோட்டாருக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வேலை இல்லாமல் போனது, புது 16 ஆம்பியர் பாயிண்ட் அந்த வாரமே வந்தது.

பிறகு

மூன்று மாதம் கழித்துப் போய் அளந்தேன். ஆள் இல்லாமல் 1.6, சாருடன் 5.1. லேசாக ஏறியிருக்கிறது, எண்ணெய் வற்றத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். பெல்ட்டுக்கு நடுவே விரலை விட்டால் வழவழப்பு மெல்லியதாகத்தான் ஒட்டியது. மறுபடி எண்ணெய் விட்டதும் 1.4-க்கு இறங்கியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது. நடப்பவரின் எடை, நடக்கும் நேரம், அறையின் தூசி எல்லாவற்றையும் பொறுத்தது. இந்த வீட்டில் இருவரும் நடக்கிறார்கள், தெருவோர அறை, தூசி அதிகம். மூன்று மாதம் சரியாக இருக்கிறது. விரல் வறண்டு வந்தால் அதற்கு முன்பே விட வேண்டும் என்று சாருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் இப்போது சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை என்றார் டீச்சர்.

முன் ரோலர் பேரிங்கின் கரகரப்பு அப்படியே இருக்கிறது, கூடவில்லை. அடுத்த முறை எண்ணெய் விடும்போது அதை மாற்றிவிடலாம் என்று பேசியிருக்கிறோம். ஆள் இல்லாமல் எத்தனை ஆம்பியர், ஆளோடு எத்தனை, எந்த வேகத்தில், எந்தத் தேதியில் என்பதை ஒரு தாளில் எழுதி மோட்டார் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்து யார் மூடியைத் திறந்தாலும், போர்டை விலை பேசுவதற்கு முன் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.